மயில்வாகனம் கடையின் வாசல் மண்

கிளின்ரனுக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. வள்ளத்து நங்கூரக் கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல்கள் போன பிறகு, மிச்சமிருந்த மூன்று விரல்களால் ஊசியில் நூல் கோர்க்கும் வித்தையை வென்றான். இந்தக் கையோடு ஓட்டோ ஓட்ட முடியாது என்று திருப்பி அனுப்பியவரிடமே மறுபடி போய் நின்று அனுமதிப்பத்திரத்தை வென்றான். ஊர்காவற்றுறை இறங்குதுறையில், புதியவனுக்கு இடமில்லை என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட தரிப்பிடத்தில், பூவரசுக்குக் கீழே ஓர் இடத்தை வென்றான். கோயிலில் இயேசு பாலன் குடிலுக்கு அவன் செய்து வைத்த குட்டி வீடுகளைப் பார்த்து, இது இத்தாலியிலிருந்து வந்த சாமான் என்று ஊரே சொல்லும்படி செய்தான். கடைசியாக, ஒரு முழம் அகலமுள்ள ஒரு கடையை வென்றான். அதை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்க வந்தவர்களிடமிருந்து வென்றான்.

அவனுடைய அக்கா மேரிசுகந்திக்கு இதில் கடைசி வெற்றிதான் பெரிது. அது எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் ஒரு சொல்லும் தவறாமல் சொல்லுவாள்.

அவள் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். குடும்பம் இடம்பெயர்ந்து குருநகரில் இருந்த நாட்களில் அவன் பிறந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததில் அவளுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தகப்பனும் தாயும் போன பிறகு, இறங்குதுறைக்குப் பின்னால் உள்ள வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு நண்டு வாடியில் தரம் பிரிக்கும் வேலை. வெளியே பார்க்க எல்லா நண்டும் நண்டுதான்; கையில் தூக்கினால்தான் எது சதை, எது வெறும் கோது என்று தெரியும். எதையும் ஒரு முறை தூக்கிப் பார்க்காமல் நம்பாத குணம் அவளுக்கு அங்கிருந்து வந்ததோ, பிறவியிலேயே இருந்ததோ தெரியாது. விருந்தினர் கொண்டுவரும் பிஸ்கற் பெட்டியைக்கூடக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பாள்.

விரல்கள் போனபோது கிளின்ரனுக்குப் பதினேழு வயது. காயம் ஆறிய பிறகு, கைக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர், ஒரு தட்டில் பயறைக் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழகச் சொன்னார். கொஞ்ச நாள் பொறுக்கினான். பிறகு, பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் தட்டில் கொட்டுகிற வேலை அவனுக்குச் சலித்துப்போயிற்று. நெருப்புக் குச்சிகளை ஒட்டி ஒரு கதிரை செய்தான். அது நொண்டியது. அடுத்தது நொண்டவில்லை. அப்படியே மேசை, அலுமாரி, கட்டில் என்று வளர்ந்தது. ஓட்டோ ஓட்டத் தொடங்கிய பிறகும், படகு வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்காது.

ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிக் கதிரை தரிப்பிடத்தில் விழுந்துவிட்டது. அங்கே எல்லாருக்கும் மூத்த ஓட்டோக்காரர் சவிரிமுத்து. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்.

“என்ன தம்பி, சீதனத்துக்குத் தளபாடம் சேக்கிறீரோ? பொம்பிளையும் இந்த அளவுதானோ?”

அன்றைக்கு விழுந்த பெயர் ‘பொம்மை மாப்பிள்ளை.’ அதற்குப் பிறகு அவன் எதையும் வெளியே கொண்டுபோகவில்லை. அறைக் கதவுக்கு உள்ளே கொண்டி போட்டுக்கொண்டான். கோயிலுக்கு வைத்த வீடுகளைக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டு வந்தவன் அவன். கொஞ்சம் மரவேலை பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னான். அவளும் அவ்வளவில் விட்டிருந்தாள்.

அது 2024 ஆம் ஆண்டு ஆடி மாதம் வரைக்கும்தான். அந்த மாதம் அவன் அறையிலிருந்து பசை மணம் பலமாக வரத் தொடங்கியது. குப்பையில் வெள்ளித்தாள் துண்டுகள் கிடந்தன. மருந்துக் கடையில் குளிசை போட்டுத் தரும் குட்டிப் பிளாஸ்ரிக் பக்கற்றுகளை அவன் கழுவிக் காயவைப்பதைக் கண்டாள். காய்ச்சலுக்குக்கூடக் குளிசை போடாதவனுக்கு எதற்கு இத்தனை பக்கற்று? சாப்பிடக் கூப்பிட்டால், ‘வாறன்’ என்ற சத்தம் மட்டும் வரும்; ஆள் வராது. கண் சிவந்திருந்தது. அந்த மாதம் பூசையில் ஃபாதர், போதைத் தூளுக்கு அடிமைப்பட்டு அழியும் இளைஞர்களைப் பற்றி மூன்று பிரசங்கம் வைத்தார். மேரிசுகந்திக்கு மூன்றும் தன் வீட்டைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

ஆவணி முடிகிற நேரம், ஒரு மத்தியானம் அவன் அனலைதீவுப் படகில் வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு வேலணைப் பக்கம் போய்விட்டான். அவள் அவனுடைய அலுமாரியைத் திறந்தாள். ஒரு பேணிக்குள் பக்கற்றுகள் அடுக்காக இருந்தன. ஒன்றில் வெள்ளைத் தூள், ஒன்றில் மண்ணிறத் தூள், ஒன்றில் கறுப்பாக ஏதோ. பக்கத்தில் நுனி கூரான ஒரு சிறு குறடு. ஆனாலும் பாராமல் நம்புகிறவள் அல்ல அவள். வெள்ளைத் தூளில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிளின்ரன் உள்ளே வந்தான்.

“என்னக்கா நாக்கிலை?”

“அதை நீதான் சொல்லவேணும். ஆர் தந்தது? எவ்வளவு காலமாய்?”

“எது எவ்வளவு காலமாய்?”

“எனக்கு ஒண்டும் விளங்காதெண்டு நினைக்கிறியோ? பூட்டின அறை, வெள்ளித்தாள், சின்னப் பக்கற். ஃபாதர் சொன்னதெல்லாம் அப்பிடியே கிடக்கு.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கா, அது கோதுமை மா.”

“கோதுமை மா எனக்குத் தெரியாதோ? இது வெண்கட்டி மாதிரிக் கிடக்கு.”

“ஓம், பள்ளிக்கூட வெண்கட்டிதான்.”

“வெண்கட்டியோ, கோதுமை மாவோ? ஒண்டைச் சொல்லு!”

“வெண்கட்டிதான் அக்கா. ஆனா கடையிலை அது கோதுமை மா.”

“எந்தக் கடையிலை?”

அவன் கட்டிலுக்குக் கீழே குனிந்து, பழைய சீலையால் மூடிய ஒரு மரப்பெட்டியை இழுத்தான். சீலையை எடுத்தான்.

மேரிசுகந்தி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒரு கடை இருந்தது. சாக்கிலிருந்து உருவிய நூலை நெய்து தைத்த அரிசி மூட்டைகள், வாய் மடித்துத் திறந்திருந்தன. பேனைக் குழாயை வெட்டிச் செய்த சோடாப் போத்தல்கள் தட்டில் நின்றன. மெழுகில் செய்த வாழைக்குலை ஒன்று கயிற்றில் தொங்கியது. அதில் இரண்டு பழம் யாரோ பிய்த்துக்கொண்டுபோனது போலக் குறைந்திருந்தது. வெற்றிலைத் தட்டு, சுருட்டுக் கட்டு, ஓலைக் குட்டானில் பனங்கட்டி, சாமிப் படம், வாசல் நிலையில் எலுமிச்சங்காயும் மிளகாயும். காசு லாச்சியை நகத்தால் இழுத்தால் திறந்தது. முன்பக்கத்தை மூடுவதற்கு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையில் சொருகும் பலகைகள். ஒவ்வொன்றிலும் இலக்கம்.

“இது புளியங்கூடல் மயிலண்ணையின்ரை கடையெல்லே!”

“ஓம். பலகைக் கதவுதான் செய்யக் கஷ்டம். அதுதான் அந்தக் கடையை எடுத்தனான்.”

மூன்று வருட வேலை என்றான். தூளைக் கண்டுபிடிக்க வந்தவள், இந்தக் கையால் இதைச் செய்தது தன் தம்பிதானா என்று அவன் கையையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் மண்ணிறத் தூள் நினைவுக்கு வந்தது.

“இது என்ன?”

“அது மண்தான். கடை வாசலுக்கு. எங்கடை மண் வெள்ளையாக் கிடக்கு, சிப்பியும் கலந்திருக்கு, பொருந்தேல்லை. அங்கை எண்ணெய் சிந்தி, ஆக்கள் மிதிச்சு, ஒரு நிறம் இருக்கு. அது வேறை இடத்திலை எடுக்க ஏலாது. நேற்று அவையின்ரை வாசலிலையே கொஞ்சம் வழிச்சுக்கொண்டு வந்தனான்.”

அவள் எழும்பி நின்றாள். “வாசல் மண்ணோ? ஆரும் கண்டவையோ?”

“ஏன்? மண்தானே.”

“மண்தானேயோ! அடுத்தவன்ரை வாசல் மண்ணை, பட்டப்பகலிலை, குளிசைப் பக்கற்றுக்கை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்! உனக்கு மூளை இருக்கே?”

ஒருவருடைய காலடி பட்ட மண்ணை எடுப்பது எதற்கு என்று இந்தத் தீவுகளில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செய்வினை செய்கிறவனுக்கு முதல் தேவை அதுதான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்கூடத் தங்கள் வாசல் மண்ணை ஒருவன் குனிந்து எடுத்தால் சும்மா விடமாட்டார்கள். கிளின்ரனுக்கும் இது தெரியும். ஆனால் அந்த நேரம் அவன் கண்ணில் நிறம் மட்டும்தான் பட்டது.

கண்டவர் இருந்தார். மயில்வாகனத்தின் மனைவி அன்னப்பிள்ளை, கடைக்குள் சாக்கு மூட்டைக்குப் பின்னால் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், அவன் கரண்டியால் மண்ணை வழித்துப் பக்கற்றை நெருப்பில் காட்டி ஒட்டியதுவரை பார்த்துவிட்டாள். அப்போது வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு கிழமைக்குள் கடையின் குளிர்பெட்டி நின்றுபோயிற்று. தொங்கவிட்ட குலை பழுக்காமல் கறுத்தது. மயில்வாகனத்தின் முழங்கால் வீங்கியது. அன்னப்பிள்ளை, குறி சொல்கிறவரிடம் கட்டுக் கேட்க அனலைதீவுக்குப் புறப்பட்டாள்.

திரும்பி வந்து படகால் இறங்கியபோது, தரிப்பிடத்தில் முதல் ஆளாக நின்றது கிளின்ரனின் ஓட்டோ. அவள் அவனைத் தாண்டி, அடுத்தவனையும் தாண்டி, கடைசியில் நின்ற சவிரிமுத்துவின் ஓட்டோவில் ஏறினாள். புளியங்கூடல் போய்ச் சேருமுன் சவிரிமுத்துவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சவிரிமுத்துவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்ததுதான்.

“நேற்றுவரைக்கும் பொம்மை மாப்பிள்ளை,” என்றார் அவர் மறுநாள். “இண்டைக்கு மந்திரவாதி. நல்லா வளருறீர் தம்பி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தன் ஓட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தார்.

மேரிசுகந்தி பொறுக்க முடியாமல் நேரே புளியங்கூடலுக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தாள். மயில்வாகனம் காலை ஒரு சோடாப் பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டு இருந்தார்.

“மயிலண்ணை, தம்பி ஒரு கெட்டதுக்கும் எடுக்கேல்லை. அவன் உங்கடை கடையைச் சின்னதாச் செய்திருக்கிறான். விளையாட்டுச் சாமான் மாதிரி. அதுக்குத்தான் மண்.”

மயில்வாகனம் காலைக் கீழே இறக்கினார். “என்ரை கடையையோ?”

“ஓம். அப்பிடியே, அச்சொட்டா.”

“அதை எங்கை வைச்சிருக்கிறான்?”

“பெட்டிக்கை போட்டு, துணியாலை மூடி, கட்டிலுக்குக் கீழை...” சொல்லிக்கொண்டு போகும்போதே, தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது.

அன்னப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். “கேட்டியளே? கடையைச் செய்து, எங்கடை மண்ணையும் போட்டு, பெட்டிக்கை வைச்சுக் கட்டியிருக்கிறான். வியாபாரம் எப்பிடி எழும்பும்? உங்கடை கால் எப்பிடி எழும்பும்?”

மயில்வாகனம் வீங்கிய முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை வாறம்,” என்றார். “எங்கடை கண் முன்னாலை எரிச்சு, சாம்பலைக் கடலிலை கரைக்கவேணும். இல்லாட்டி நான் வேறை ஆக்களோடை வருவன். உம்மடை தம்பிக்குச் சொல்லும்.”

அதைக் கேட்ட கிளின்ரன் சனிக்கிழமை முழுவதும் கடைக்கு முன்னால் இருந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்துத் திரும்பவும் வைத்தான். “எரிக்கட்டும் அக்கா,” என்றான் பின்னேரம். “ஆக்கள் என்ரை ஓட்டோவிலை ஏறவேணும்.” சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. இன்னொரு கடை அவன் செய்யமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. நெருப்புப் பெட்டியைக் குசினியிலிருந்து எடுத்து, தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அன்னப்பிள்ளையின் கையில் செய்வினைக்குக் காவலாக ஓர் எலுமிச்சங்காய் இருந்தது. அவள் படலைக்கு உள்ளே வரவில்லை. ஏற்றி வந்த சவிரிமுத்துவும் போகவில்லை. வேலியோடு சாய்ந்து நின்றார். அக்கம்பக்கத்துச் சனமும் மெல்ல மெல்லச் சேர்ந்தது. கிளின்ரன் பெட்டியைத் தூக்கிவந்து விறாந்தையில் வைத்து, சீலையை எடுத்து, கடையைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

மயில்வாகனம் கிட்டப் போனார். செப்புத் தகடு எங்கே, முடி எங்கே, எலும்பு எங்கே என்று தேடுகிற பார்வை. பலகைக் கதவைப் பிடித்தார். இடது பக்கத்திலிருந்து இழுத்தால் வராது. வலது கரைப் பலகையைத்தான் முதலில் தூக்க வேண்டும். கிளின்ரன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவருடைய கை தானாக வலது கரைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தூக்கி, இலக்கம் பார்த்துச் சுவரில் சாத்தி வைத்தது. பிறகு லாச்சியை இழுத்துப் பார்த்தார். மூட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சாமிப் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“ஆள் எங்கை?” என்று கேட்டாள் அன்னப்பிள்ளை, படலைக்கு வெளியே நின்றபடி.

“என்ன ஆள்?” என்றான் கிளின்ரன்.

“கடையெண்டால் கடைக்காரன் இருக்கவேணும். இவரின்ரை உருவம் எங்கை? அதை எங்கை மண்ணுக்கை தாட்டனி?”

“ஐயோ அன்ரி, எனக்கு ஆக்கள் செய்ய வராது. ஒருக்காச் செய்து பாத்தனான். முகம் ஆடு மாதிரி வந்தது.”

சனத்துக்குள் ஒரு சிரிப்பு எழும்பி அடங்கியது. அன்னப்பிள்ளை சிரிக்கவில்லை.

மயில்வாகனமும் சிரிக்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது என்ன?” என்றார். “தராசு ஏன் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது?”

மயில்வாகனம் கடைத் தராசைப் பற்றி இந்தப் பகுதியில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் அதை அவருக்கு முன்னால் சொன்னதில்லை. மேரிசுகந்தி, வாயைத் திறக்காதே என்று தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள்.

“உங்கடை தராசு அப்பிடித்தானே நிக்கிறது, மயிலண்ணை,” என்றான் கிளின்ரன்.

“ஆர் சொன்னது?” அவருடைய குரல் உயர்ந்தது. “அந்தப் பக்கக் கொழுக்கி வளைஞ்சு போச்சு. அவ்வளவுதான். நிறுக்கேக்கை நான் கையாலை நேராப் பிடிச்சுத்தான் நிறுக்கிறனான்!”

“கையாலை பிடிச்சால்தானே விசயம்,” என்றார் வேலியோரத்திலிருந்து சவிரிமுத்து.

“நானும் எத்தினை தரம் சொன்னனான்,” என்று அன்னப்பிள்ளை தொடங்கினாள், “அந்தக் கொழுக்கியை மாத்துங்கோ, மாத்துங்கோவெண்டு. கேட்டால்தானே!”

மயில்வாகனத்தின் காது சிவந்துவிட்டது. கிளின்ரனின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “தம்பி, நீர் முதல் இதை நேராக்கும். ஆராவது பாத்தால் என்ன நினைப்பினம்?”

மேரிசுகந்தி அதைக் கேட்டாள். எரிக்க வந்த சாமானை இனி யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் ஒரு நொடியும் பிந்தவில்லை. கூர்க்குறட்டை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். அவன் தராசின் நூலைக் கொஞ்சம் இழுத்து முடிந்தான். தட்டுகள் நேராயின. மயில்வாகனம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “இப்ப சரி,” என்றார்.

“என்ன சரி?” என்று படலையில் இருந்து குரல் வந்தது. “நீங்கள் கடையைப் பாத்து மயங்கிறியள். மண் மண்தானே?”

“ஒட்டினதைச் சுரண்டித் தாறன் அன்ரி,” என்றான் கிளின்ரன்.

“சுரண்டினால் வாசல் போயிடும்,” என்றார் மயில்வாகனம், தன் கடையைச் சொல்வதுபோல.

அன்னப்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கடையைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பின்சுவரைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள். “இதிலை ஒரு பேரும் இல்லை,” என்றாள். “எனக்கு இப்பவும் நம்பிக்கையில்லை. செய்வினை செய்யிறவன் தன்ரை பேரைப் போடமாட்டான். போட்டால் அது அவனுக்கே திரும்பும். இவன்ரை மனதிலை ஒளிப்பில்லாட்டி, எங்களுக்கு முன்னாலை இதிலை தன்ரை பேரை எழுதட்டும். திகதியும் போடட்டும். அப்ப நான் நம்புறன்.”

இப்போது சந்தேகப்படுவது மேரிசுகந்தியின் முறை. “எழுதின பிறகு? பேரும் திகதியும் கிடக்கெண்டு அதைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போகவோ?”

“நான் ஏன் பிள்ளை பொலிசுக்குப் போறன்? அவனே வைச்சிருக்கட்டும். துணியாலை மட்டும் மூடக்கூடாது. ஆர் கேட்டாலும் காட்டவேணும்.”

மேரிசுகந்தி அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். கோதாகத் தெரியவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினாள்.

ஆனால் அவன் அசையவில்லை. எரிப்பதற்குத் தயாராக இருந்தவன், எழுதுவதற்குத் தயங்கினான். முதல் செய்த கதிரையிலிருந்து கோயில் குடில் வீடுகள்வரை அவன் எதிலும் தன் பெயரைப் போட்டதில்லை. இத்தாலிச் சாமான் என்று ஊர் சொன்னபோது அவனுக்கு அது வசதியாக இருந்தது. இப்போது வேலி முழுக்க ஆட்கள். எழுதினால், முப்பது வயது தாண்டிய ஓட்டோக்காரன் ஒருவன் குட்டி மூட்டை தைத்துக் குட்டிக் கடைக்கு அடுக்குகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். இனி எந்தக் கதவையும் பூட்டிப் பயனில்லை.

“எழுதும் மாப்பிள்ளை,” என்றார் சவிரிமுத்து. “சீதன உறுதிக்குக் கையெழுத்து வைக்க இவ்வளவு யோசினையோ?”

சனம் சிரித்தது. கிளின்ரன் நிமிர்ந்து சவிரிமுத்துவைப் பார்த்தான்.

“ஓம் சவிரியண்ணை,” என்றான். “பொம்பிளை பாத்து வையுங்கோ. கடை ஒண்டு இருக்கெண்டு சொல்லுங்கோ.”

இந்த முறை சிரிப்பு சவிரிமுத்துவின் பக்கம் திரும்பியது. கிளின்ரன் அறைக்குள் போய், தன் மெல்லிய தூரிகையையும் கறுப்பு மையையும் எடுத்துவந்தான். பின்சுவரின் வெளிப்பக்கத்தில், கடையில் உள்ள இலக்கங்களின் அளவில், மிகச் சின்னதாக எழுதினான். அன்னப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக் குனிந்தாள்.

“இது எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு. ஒளிக்கிறியோ? பெரிசா எழுது.”

அவன் அதைத் துடைத்தான். மூன்று விரல்களையும் சேர்த்துத் தூரிகையை இறுக்கிப் பிடித்து, சுவரின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் எழுதினான். அன்னப்பிள்ளை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசித்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது:

செ. கிளின்ரன், ஊர்காவற்றுறை. 2024 புரட்டாதி 15, ஞாயிற்றுக்கிழமை.